டாக்டர் ஞானதாசனின் நடத்தைப் பலகை

டாக்டர் ஞானதாசனின் வீடு திருவட்டாற்றில், கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வீட்டு மதிலில் 'டாக்டர்' என்று எழுதியிருக்கும். ஸ்கூட்டரின் முன்னாலும் எழுதியிருக்கும். குடைக்காம்பில்கூட வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார். குடையைத் திருடுகிறவன் பட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோகட்டும் என்ற தாராள மனசு.

அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனம் வராது. பக்கத்து வீட்டுத் தாணம்மாள் ஒருநாள் காலில் வந்த கட்டியைக் காட்ட வந்தாள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"நேத்து எப்பிடி இருந்துதோ இன்னைக்கும் அப்பிடியே இருக்கா?"

"அப்பிடியே இருக்கு சார்."

"மாற்றம் இல்லியே? அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல."

இதை அவரே எங்கள் ஆபீசில் சிரித்துக்கொண்டு சொன்னார், தன் ஆராய்ச்சி ஏழை எளியவர்களுக்கும் பயன்படுகிறது என்ற பூரிப்போடு. கட்டி பழுத்து, ஆஸ்பத்திரியில் கீறி, தாணம்மாள் நொண்டிக்கொண்டு திரிந்ததை அவர் சொல்லவில்லை. அதை ஊர் சொன்னது.

அந்த ஆராய்ச்சி என்ன என்பதை நான் சொல்கிறேன். என் பெயர் லீலாபாய், சொந்த ஊர் கொட்டாரம். தமிழ் எம்.ஏ. படித்து, தனியார் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிவிட்டு, நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆவணம் எழுதுகிற வேலைக்கு வந்தவள். ஆபீசில் எல்லாருக்கும் நான் டீச்சர். எனக்கே விளங்கிய சங்கதி உங்களுக்கு விளங்காமல் போகாது.

ஓர் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுவதற்கு முன்னால், அது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கணக்குக் குறிகளால் எழுதி வைப்பார்கள். சந்தேகத்துக்கே இடமில்லாத எழுத்து. வரையறை என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகுப்பு உண்டு. சில வகுப்புகளுக்கு மேலே ஒரு தாய் வகுப்பு உண்டு. தாயிடம் இருப்பது பிள்ளைகளுக்கும் வரும். எழுதி முடித்த வரையறை பெரும்பாலும் அலங்கோலமாகத்தான் இருக்கும்; சொன்னதையே நாலு இடத்தில் சொல்லியிருக்கும். அதைப் பிரித்து, சேர்த்து, மேலே ஏற்றி, கீழே இறக்கி ஒழுங்காக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இயந்திரம் முன்பு செய்ததையே இப்போதும் செய்ய வேண்டும். வீட்டுக்குள் கட்டிலையும் பீரோவையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடுங்கள், வருகிற விருந்தாளிக்கு வாசல் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நல்ல வேலைதான். செய்யத் தெரிந்தவர்கள் செய்தால் அழகாகவே இருக்கும். ஞானதாசன் சார் இதற்கு ஒரு விதி கண்டுபிடித்து, அந்த விதியால் எதுவும் மாறாது என்று நிரூபித்துப் பட்டம் வாங்கினார். எதுவுமே மாறவில்லை என்று காட்டுவதற்காக ஒரு மனிதர் தலைமுடி முழுவதையும் இழந்திருக்கிறார்.

கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் வாத்தியாராக இருந்தார். வருஷா வருஷம் அதே பாடம், அதே இடத்தில் அதே நகைச்சுவை. பிள்ளைகள் சிரிக்காவிட்டால் சிரிப்பதற்காக நிறுத்திக்கொண்டு காத்திருப்பாராம். அவர் மனைவி குளோரி ஒரு நர்ஸ். அந்த வீட்டில் நோயைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் அவர்தான், ஆனால் மதிலில் அவர் பெயர் இல்லை. ஒருமுறை குளோரி டியூட்டிக்குப் போன நேரம் பார்த்து சார் சமையல்கட்டில் புகுந்து டப்பாக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து அடுக்கிவிட்டார். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே வகுப்பு. அன்றைக்கு மீன்கறியில் உப்புக்குப் பதிலாக ஆப்பச் சோடா விழுந்தது. 'சாமான் அப்படியே இருக்கு, இடம்தான் மாறிச்சு' என்று இன்றைக்கும் வாதாடுகிறார்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் கம்பெனி தொழில்நுட்பத் தலைவராக வைத்திருந்தது. ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி ஆபீஸ். கோயமுத்தூரிலிருந்து ஒரு நிறுவனம் வேலை கொடுத்திருந்தது. புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளுக்குத் தானாகத் திறந்து மூடும் குடிநீர்த் தொட்டியும், மழைநீர் மதகும். அதற்கு வரையறை எழுத வேண்டும். சார் ஒரே பிடியாக நின்றார், எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று. தமிழ்ப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பெற்ற மகளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேச மாட்டார். தமிழில் இப்படி வரையறை எழுதிய முதல் ஆள் நான்தான் என்று ஒரு மாநாட்டு மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும், அந்த ஆசைதான்.

இயந்திரம் வெளிப்படையாகச் செய்கிற காரியத்துக்கு அவர் வைத்த சொல், நடத்தை. எதுவும் மாறாமல் ஒழுங்கு செய்வதற்குப் பெயர் 'நடத்தை காக்கும் சீரமைப்பு'. கேட்டதும் நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சார், இந்த ஊர்ல நடத்தைன்னா வேற பொருளாக்கும். செயல்பாடுன்னு போடலாம்லா."

"அகராதியை எடுத்துப் பாருங்க டீச்சர். நடத்தைதான் முதல் சொல்."

"அகராதி பொண்ணு விசாரிக்கப் போவாதுல்லா சார்."

நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார். அடுத்த வாரமே மாடிப்படி ஏறி வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். தலைப்பில் 'நடத்தைப் பலகை' என்று எழுதினார். சீரமைப்பு செய்தபின் எந்த வகுப்பு முன்போல இயங்கவில்லையோ, அதை எழுதியவர் பெயர் அதில் ஏறும்; பிழையைச் சரிசெய்துவிட்டால் அதுவும் ஏறும். முதலில் ஏறியது அஜினின் பெயர். 'அஜின்: நடத்தை திருந்தியது.' அஜின் எங்கள் கொட்டாரத்துப் பையன். கூட வேலை செய்கிறவர்கள் "லே, குடிய விட்டுட்டியா?" என்று இரண்டு நாள் ஓட்டினார்கள். ஆண்பிள்ளைக்கு அது கேலியோடு போயிற்று.

பிரிஜாவுக்கு அப்படிப் போகவில்லை.

பிரிஜா இனயத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த ஆபீசில் வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று சொன்னால் மற்றவர்கள் கோபப்படுவார்கள், படட்டும். அவள் எழுதிய வரையறையில் வேண்டாத ஒரு குறி இருக்காது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். கல்லூரியில் கூடப் படித்த லிஜினை விரும்பினாள். அவனும் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன், இப்போது தோஹாவில் வேலை. இரண்டு வீட்டிலும் சண்டை, பேச்சுவார்த்தை நின்றது, மறுபடி தொடங்கியது, பங்குச் சாமியார் வந்து பேசினார். கடைசியில் எல்லாரும் சம்மதித்தார்கள். லிஜினுக்கு அப்பா இல்லை. அம்மாவின் அண்ணன் இஞ்ஞாசிதான் பெரிய ஆள். அவர் ஒருமுறை விசாரித்துவிட்டுத் தலையாட்டினால் பங்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாம். அந்த நாட்களில் பிரிஜா மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறி வருவாள்.

குடிநீர்த் தொட்டியின் வகுப்பை எழுதியவள் பிரிஜா. மழைநீர் மதகை எழுதியவன் அஜின். இருவருமே தங்கள் வகுப்பில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: வெள்ளம் வந்தால் திற.

எங்கள் மாவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இனயத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கவும் வெள்ளம், குளிக்கவும் வெள்ளம். கொட்டாரத்தில் தண்ணீர் தண்ணீர்தான். அங்கே வெள்ளம் வந்தது என்றால் வயல் முங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்குவதற்குள் சொல்லுக்குப் பொருள் மாறிவிடும். பிரிஜா தன் வகுப்பில், குழாயில் நீர் வந்தாலே அது வெள்ளம் என்று விளக்கம் எழுதியிருந்தாள். அஜின் தன் வகுப்பில், நீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால்தான் வெள்ளம் என்று எழுதியிருந்தான். இரண்டிலும் பிழை இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் வெள்ளம்.

சார் வந்தார். அவருடைய விதி சொல்வது இது: பிள்ளை வகுப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வரி இருந்தால் அதைத் தாய் வகுப்புக்கு ஏற்றிவிடலாம். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வரியில் உள்ள பெயர்கள் எல்லாப் பிள்ளைகளிடத்திலும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும். நிபந்தனையை எழுதியவரும் அவரேதான். எழுதியதோடு சரி. இரண்டு வகுப்பிலும் எழுத்து எழுத்தாக ஒரே வரியைப் பார்த்ததும் அவருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். வரியைத் தாய்க்கு ஏற்றினார். இரண்டு விளக்கங்களில் அஜினுடையதை வைத்துக்கொண்டு, பிரிஜாவுடையதை 'மிகை' என்று அடித்துவிட்டார்.

பிரிஜா நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"சார், எனக்க வெள்ளம் வேற, அஜினுக்க வெள்ளம் வேற."

"எழுத்து ஒண்ணுதானே?"

"எழுத்து ஒண்ணு சார், பொருள் ரெண்டு. இனி தொட்டி திறக்காது. சிவப்புக் கோடு வரை வெள்ளம் வந்தாத்தான் திறக்கும்ணு ஆயிப் போச்சு. திறந்தாத்தானே வெள்ளமே வரும்? விதிக்க அடியில உள்ள நிபந்தனையப் பாத்தியளா?"

"அந்த நிபந்தனை ஊர் ஊருக்கு ஒரு பாஷை பேசுகிறவர்களுக்கு, பிரிஜா. இங்க எல்லாரும் ஒரே தமிழ்தானே பேசுறோம்."

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

துணிக்கடையின் பின்முற்றத்தில் சின்னதாக ஒரு தொட்டி வைத்துச் சோதனை நடந்தது. கோயமுத்தூர் நிறுவனத்தின் இன்ஜினியர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். மோட்டாரைப் போட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்து முட்டியது. தொட்டியின் வால்வு, சிவப்புக் கோட்டை நீர் தாண்டட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டு கோயமுத்தூர்க்காரரின் நெஞ்சில் பீய்ச்சியது. வந்தது இனயத்து வெள்ளமா கொட்டாரத்து வெள்ளமா என்று ஆராயும் நிலையில் அவர் இல்லை.

"என்னங்க இது?" என்றார் அவர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"காரணம் தெரிஞ்சாச்சு. ஒரு வகுப்பில் நடத்தை மாறியிருக்கிறது," என்றார் சார். மேலே ஓடிப்போய்ப் பலகையில் சிவப்பு மையால் எழுதினார்:

'பிரிஜா: நடத்தை மாறிவிட்டது. தாய்க்கு அடங்கவில்லை.'

பிள்ளை வகுப்பு தாய் வகுப்போடு பொருந்தவில்லை என்பதை அவர் தமிழில் அப்படிச் சொல்லியிருக்கிறார். பிரிஜா அதைப் பார்த்தாள். சார் பக்கம் திரும்பினாள்.

"மாறினது எனக்க நடத்தை இல்ல சார். உங்க சீரமைப்பாக்கும் மாத்தினது."

"ஆய்வு செய்யலாம், ஆய்வு செய்யலாம்," என்றபடி அவர் இன்ஜினியருக்குத் துண்டு தேடப் போனார். நான் துடைப்பானை எடுத்து அழித்தேன். போகவில்லை. கையில் கிடைத்த பேனாவால் எழுதியிருக்கிறார், அது அழியாத மை. எச்சில் தொட்டுத் துடைத்தேன், சானிடைசர் ஊற்றித் தேய்த்தேன். 'தாய்க்கு' என்பது கொஞ்சம் மங்கியது. பலகையைக் கழற்றப் போனேன். கோயமுத்தூர்க்காரர் நாளைக்கும் வருவார், நாம் பிழையை மறைக்காதவர்கள் என்று அவருக்குத் தெரியட்டும் என்று சார் தடுத்தார்.

மறுநாள் காலையில் இஞ்ஞாசி வந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் விசாரணைக்கு அழகு என்று நம்புகிறவர்களில் ஒருவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இத்திரி வெள்ளம் கிட்டுமா?" என்று கேட்டார். அவர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் எழுந்து பலகைக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டரு உள்ள இருக்காரா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் தண்ணீர்க் குவளையோடு பின்னாலேயே போனேன். உள்ளே சாருக்கு எதிரே கோயமுத்தூர் இன்ஜினியர், வேறொரு சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் லிஜினுக்க மாமன், இஞ்ஞாசி. பிரிஜாவ எங்க பையனுக்குப் பேசியிருக்கு. பிள்ளைக்க நடத்தை எப்பிடின்னு உங்களட்ட ஒரு வாக்கு கேட்டுட்டுப் போவலாம்ணு வந்தேன்."

நடத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் சாருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"முன்னால ஒழுங்காத்தான் இருந்தது. இப்பத்தான் மாறிச்சு. தாய்க்குக் கீழ கொண்டுவந்து பாத்தேன், அடங்கல்ல."

"ஐயோ, அது கம்ப்யூட்டர் சங்கதி!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "இது மனுசிக்க நடத்தை இல்ல. அவ எழுதின தொட்டி. அதுவும் அவ மேல தப்பே இல்ல. சாருக்க விதியாக்கும் தப்பு. பிள்ளை தங்கமான பிள்ளை."

இஞ்ஞாசி என்னைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்தார். "டாக்டரே, இவங்க சொல்லது நேரா?"

அப்போது சாருக்கு விளங்கிவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். காது மடல் சிவந்தது, கை கண்ணாடியை நோக்கிப் போயிற்று. ஆமாம், தப்பு என் விதியில், அந்தப் பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் எதிரே கோயமுத்தூர்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் இந்த வேலை போகும், மாநாடு போகும், மதிலில் எழுதிய பட்டம் மட்டும் மிஞ்சும். சார் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"இது ஆய்வில் இருக்கிற விஷயம். இப்போதைக்கு உறுதியாச் சொல்ல முடியாது," என்றார்.

தெரியாமல் உளறினபோதுகூட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெரிந்தபின் அவர் சொன்ன அந்த வாக்கியத்துக்காக அவரை நான் வெறுக்கிறேன்.

இஞ்ஞாசி படியிறங்கும்போது என்னிடம் சொன்னார், "பெண்ணுங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்க மாட்டிய. அது எனக்கு அறியும்." நான் நீட்டிய தண்ணீரையும் குடிக்கவில்லை. அந்தப் பெரிய மனுசரைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. பக்கத்து அறையில்தான் பிரிஜா இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் தோஹாவிலிருந்து லிஜினின் குரல் பதிவு ஒன்று ஃபோனில் வந்தது. பிரிஜா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"பிரிஜா, மாமா என்னவெல்லாமோ சொல்லுதாரு. டாக்டரே வாயால சொன்னாராம்லா. ஒண்ணும் இல்லியே?"

சண்டையெல்லாம் கடந்து காத்திருந்தவனுக்கு வாயில் வந்த கேள்வி இது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. "அந்த டாக்டரு மாமாவ விளிச்சு ஒரு வாக்கு சொன்னாப் போதும். எல்லாம் நேராயிரும்."

நானாக இருந்தால் ஃபோனைத் தூக்கிக் குழித்துறை ஆற்றில் போட்டிருப்பேன். பிரிஜாவுக்கு அவனை வேண்டியிருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "டீச்சர், நான் சாரட்ட கேக்கப் போறேன்," என்றாள். இரவு முழுக்க உறங்கவில்லை என்பது காலையில் அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. நானும் கூடப் போனேன்.

சார் முதலில் நழுவினார். குடும்ப விஷயத்தில் தலையிடுவது முறையல்ல என்றார். தலையிட்டதே நீங்கள்தான் என்றேன். நேரம் பார்த்துச் செய்யலாம் என்றார். "இண்ணைக்கு நீங்க ஃபோன் செய்யல்லேன்னா, உங்க மாநாட்டுக் கட்டுரைல ஒரு வரி நான் எழுத மாட்டேன் சார்," என்றேன். தமிழில் முதல் ஆள் என்று பேசப் போகிறவருக்குத் தமிழில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுத வராது. அப்போதுதான் அவருடைய மனசாட்சி எழுந்து உட்கார்ந்தது.

என்ன பேசுவது என்று மத்தியானம் வரை யோசித்தார். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கடற்கரை இரைச்சல், யாரோ மீனை ஏலம் விடும் சத்தம்.

"டாக்டர் ஞானதாசன் பேசுகிறேன்."

"பறயுங்க டாக்டரே."

"பிரிஜாவின் நடத்தை பற்றி நேற்று சொன்னதில் ஒரு திருத்தம். மறுபடியும் தீர ஆராய்ந்தாச்சு. நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை. நிரூபிச்சாச்சு."

பிரிஜா மூச்சை விட்டாள். ஒரு நொடி எனக்கும் நெஞ்சு இளகியது. இந்த மனிதரையும் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"மாற்றமே இல்லியா?" என்றார் இஞ்ஞாசி.

"எள்ளளவும் இல்லை."

"அப்ப, முன்னாலயும் இப்பிடித்தான் இருந்திருக்காளா?"

"ஆமா. முன்னால எப்பிடியோ, இப்பவும் அப்பிடியே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நல்ல பிள்ளைன்னு சொல்லுங்க சார், நல்ல பிள்ளை," என்று வாயசைத்தேன், கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துப் புரியாமல் விழித்தார்.

ஏலச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. இஞ்ஞாசி ஃபோனோடு ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். அவர் குரல் தணிந்து, ஏறக்குறைய கெஞ்சுவதுபோல வந்தது. "டாக்டரே, நான் படிக்காதவனாக்கும். எனக்கு மனசிலாவல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிள்ளைக்க நடத்தை நல்லதா, கெட்டதா?"

அந்தக் கிழவர் இறங்கி வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற இடம் அது. நல்லது என்று சொல்ல ஒரு குழந்தைக்குத் தெரியும். சார் யோசித்தார். பயத்தில் யோசித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அறையில் கோயமுத்தூர்க்காரர் இல்லை, எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவர் உண்மையாகவே, நேர்மையாகவே யோசித்தார்.

"நல்லதா கெட்டதா என்பது என் துறையில் வராது. மாறிச்சா, மாறல்லியா என்று மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

பிரிஜா கையை நீட்டி ஃபோனை எடுத்தாள்.

"மாமா, நான் பிரிஜாவாக்கும். எனக்க நடத்தைய நானே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. எனக்க வேலைய நான் தப்பில்லாம செஞ்சேன். லிஜின விரும்பினேன். வேற ஒருத்தனையும் ஏறெடுத்துப் பாக்கல்ல. இது ரெண்டும் லிஜினுக்கு அறியும். அறிஞ்சிட்டும் அவன் என்னட்ட, ஒண்ணும் இல்லியேன்னு கேட்டான். நானும் இவருக்க ஒரு வாக்குக்காக ராத்திரி முழுக்க உறங்காம கெடந்தேன். அதுக்கு எனக்கே என்னப் பாத்தா அறப்பா இருக்கு. நீங்க அவனுக்கு வேற எடம் பாத்துக்கிடுங்க."

ஃபோனை மேசையில் வைத்தாள். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குத்தான் அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. தன் இடத்துக்குப் போய்ப் பையை எடுத்தாள், சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்தாள், படியிறங்கிப் போனாள். போகிற வழியில் பலகையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அழியாத மையில் அவள் பெயர் அங்கேயே இருந்தது.

சார் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் குற்றவுணர்ச்சி ஏதாவது தெரிகிறதா என்று நான் தேடினேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் விடை சரிதானா என்று கேட்கிற முகம்தான் இருந்தது.

"டீச்சர், நான் ஏதாவது பிழையாச் சொன்னேனா? ஒவ்வொரு வாக்கியமா யோசிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் உண்மைதானே?"

"எல்லாம் உண்மை சார்."

"பின்ன என்ன?"

"ஒண்ணும் இல்ல. தாணம்மாளுக்க கட்டியப் பாத்த அண்ணைக்கு எப்பிடி இருந்தியளோ, இண்ணைக்கும் அப்பிடியே இருக்கிய. ஒரு மாற்றமும் இல்ல."

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. "அது போதும் டீச்சர்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மாநாட்டுக் கட்டுரை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.